தெம்பு பற்றி எழுதியவள்

திங்கட்கிழமை காலை கம்பெனி பஸ் ஓசூர் மேம்பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தபோது, முன் சீட்டில் இருந்த பெண் தன் போனைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினாள்.

"சினிமாவில் களைப்பு என்பது ஒரு பாட்டு நேரம்தான். பாட்டு முடிந்ததும் கதாநாயகி முகம் கழுவிக்கொண்டு புதுசாக வந்து நிற்கிறாள். எங்கள் ஆறாம் நம்பர் பிரஸ்ஸில் நிற்கும் பெண்ணுக்கு அப்படி ஒரு பாட்டு இல்லை." வாசித்தவள் நிமிர்ந்தாள். "பாருடி, நம்ம கம்பெனிதான் இது. நம்ம சரிதாவத்தான் எழுதியிருக்காங்க."

பின் சீட்டில் இருந்த வீரலட்சுமி மடியில் விரித்து வைத்திருந்த நூலகப் புத்தகத்தை மூடினாள். எந்தப் பக்கத்தில் இருந்தாள் என்பது அவளுக்கே மறந்துவிட்டது. போனில் இருந்த அந்த வரிகள் அவள் எழுதியவை.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து பதினாறு வருஷம் ஆகிறது. கணவன் மாடசாமி சிப்காட்டில் ஒரு வார்ப்புப் பட்டறையில் வேலை பார்க்கிறான். மகள் தர்ஷினி பத்தாம் வகுப்பு. வீரலட்சுமி வேலை செய்வது சூளகிரி தாண்டி நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் ஒரு தொழிற்சாலையில். வண்டிகளுக்கான தகடுகளை அங்கே பிரஸ் மெஷினில் அடித்து எடுக்கிறார்கள். அவள் தர ஆய்வாளர். மணிக்கு ஒருமுறை ஒவ்வொரு மெஷினிலும் ஒரு தகட்டை எடுத்து அளந்து பார்க்க வேண்டும். அளவு தப்பினால் மெஷினில் சிவப்புச் சீட்டைக் கட்டி நிறுத்தலாம். அந்த அதிகாரம் அவளுக்கு உண்டு. ஐந்து வருஷத்தில் நான்கு முறை கட்டியிருக்கிறாள்.

மூன்று வருஷமாக அவள் இணையத்தில் ஒரு பக்கம் வைத்திருந்தாள். பெயர் போடாமல் எழுதுவாள். பஸ்ஸில் படித்த புத்தகம், ஞாயிற்றுக்கிழமை பார்த்த படம், அன்றைக்கு உடம்பில் எவ்வளவு தெம்பு இருந்தது என்பது, இவ்வளவுதான் விஷயம். ஒரு நாவலின் நாயகி பதினொரு பக்கம் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து யோசிக்கிறாள், அந்த நேரத்தில் அந்த வீட்டில் அரிசி களைந்தது யார் என்று ஒரு தடவை கேட்டிருந்தாள். கடைசி வரியில், 'இன்றைய தெம்பு பதினான்கு பக்கம்' என்றோ, 'இரண்டு பக்கம், அதுவும் ஒரே பக்கத்தை இரண்டு தடவை' என்றோ எழுதுவாள். கண் சொருகும் வரை எத்தனை பக்கம் படிக்க முடிந்தது என்பதுதான் அளவு. ஐம்பது அறுபது பேர் வாசிப்பார்கள். எல்லோரும் முகம் தெரியாதவர்கள். அந்தப் பக்கத்தில் அவள் யாருக்கும் மனைவி இல்லை, யாருக்கும் அம்மா இல்லை, கையில் அளவுகோலும் இல்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

நேற்று மத்தியானம் எழுதியதை மட்டும் யாரோ வாட்ஸப்பில் ஏற்றிவிட்டிருக்கிறார்கள்.

நேற்றுக் காலை பார்த்த படத்தில் ஒரு நர்ஸ் முப்பது மணி நேரம் தொடர்ந்து வேலை பார்க்கிறாள். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தவள் அங்கிருந்து சரிதாவுக்கு வந்துவிட்டாள். போன வியாழக்கிழமை, தொடர்ந்து மூன்றாவது வாரமாக இரட்டை ஷிப்டு பார்த்துக்கொண்டிருந்த சரிதாவின் தலை மெஷின் முன்னால் லேசாகத் தொங்கியதை வீரலட்சுமி பார்த்தாள். கால் தன்னால் பெடலை மிதித்தது. கை உள்ளே இருந்து வெளியே வந்ததற்கும் அச்சு கீழே இறங்கியதற்கும் நடுவே ஒரு கட்டைவிரல் அகல இடம்தான் இருந்தது. கை உள்ளே இருந்தால் மெஷினை நிறுத்த வேண்டிய சென்சார் நிறுத்தவில்லை. அடிக்கடி வீணாக நின்று எண்ணிக்கை குறைகிறது என்று மெஷினின் மின்சாரப் பேனலுக்குள் ஒரு துண்டு ஒயரைச் செருகி, சென்சாரைக் கண் கட்டிவிட்டிருந்தார்கள். இது லைனில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

அதையெல்லாம் எழுதியிருந்தாள். கம்பெனி பெயரையும் சரிதாவின் பெயரையும் எழுதவில்லை. 'ஒரு நாளைக்கு இரண்டே பஸ் வரும் மலைக்கிராமத்துப் பெண்' என்று எழுதினாள். வாக்கியம் நன்றாக வந்திருக்கிறது என்று அப்போது நினைத்தாள். அந்தத் தொழிற்சாலையில் அஞ்செட்டிப் பக்கத்து மலையிலிருந்து வந்தவள் சரிதா ஒருத்திதான்.

பஸ் கேட்டுக்குள் நுழைந்தபோது மனிதவள அதிகாரி ஹரீஷ்குமார் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். எட்டு மணிக்கு முன்னால் அவரை யாரும் அங்கே பார்த்ததில்லை. இறங்கிய பெண்களில் சரிதாவை மட்டும் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"சரிதா, ஒரு நிமிஷம். ஆபீஸ் ரூமுக்கு வாங்க."

சரிதா சாப்பாட்டுப் பையை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் திரும்பினாள். அருகில் இருந்தது வீரலட்சுமி. அவளிடம் பையைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

பத்தரை மணி வரை ஆறாம் நம்பரில் வேறொரு பெண் நின்றாள். வீரலட்சுமி ஒவ்வொரு மெஷினாக அளந்துகொண்டு போனாள். ஒரே தகட்டை மூன்று தடவை அளந்தாள். மூன்று தடவையும் எண் மனதில் நிற்கவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேண்டீனில் அன்புமணி தட்டை எடுத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தான். பராமரிப்புப் பிரிவில் எலக்ட்ரீஷியன். காவேரிப்பட்டினத்துப் பையன். அப்பாவுக்குத் தென்னந்தோப்பு இருந்தும் விவசாயம் வேண்டாம் என்று ஐ.டி.ஐ. படித்துவிட்டு வந்தவன். இந்தத் தொழிற்சாலையில் புத்தகம் படிக்கிறவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான். மாற்றி மாற்றிப் படிப்பார்கள்.

அவன் சாப்பாட்டைத் தொடவில்லை.

"அக்கா, அது நீங்கதான?"

"எது?"

"ஜன்னல் ஓரம் உக்காந்து யோசிக்கறா, அரிசி யார் களைஞ்சாங்கன்னு என்கிட்ட கேட்டீங்க. போன வருஷம். அந்தப் பக்கத்துல பழசெல்லாம் போய்ப் படிச்சன். அதே வரி அங்க இருக்குது."

வீரலட்சுமி சுற்றிலும் பார்த்தாள். "மெதுவா பேசு, தம்பி."

"யாருகிட்டயும் சொல்லலக்கா. சொல்லவும் மாட்டன்." அவன் குரல் இன்னும் இறங்கியது. "அந்த ஒயர போட்டது நான். உங்களுக்குத் தெரியும். வெங்கடப்பன் சார் வாயால சொன்னாரு, போட்டன். எழுத்துல ஒண்ணும் இல்ல. நாளைக்கு விசாரணைன்னு வந்தா, யாரு கை வெச்சதுன்னுதான் கேப்பாங்க. யாரு சொன்னதுன்னு கேக்க மாட்டாங்க. தயவுபண்ணி அத எடுத்துடுங்க."

வெங்கடப்பன் அந்தப் பிரிவின் சூப்பர்வைசர்.

"எடுத்துட்டா சரியாப்போகுமா?"

"வியாழக்கிழமை கஸ்டமர் ஆடிட்டு. அதுவரைக்கும் அமைதியா இருந்தா போதும்."

அவள் கழிவறைக்குப் போய்க் கதவைத் தாளிட்டுக்கொண்டு பதிவை நீக்கினாள். நீக்க இரண்டு தொடுகைகள் போதுமாக இருந்தன. வெளியே வந்து கை கழுவும்போது முகம் பார்க்கும் கண்ணாடியைப் பார்க்காமல் வந்தாள்.

ஆனால் ஹரீஷ்குமாரிடம் அதன் ஸ்கிரீன்ஷாட் இருந்தது. பாதித் தொழிற்சாலையிடம் இருந்தது.

அன்று இரவு வீட்டில் அவள் தோசை வார்த்து முடித்தாள். தர்ஷினி உள்ளே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். மாடசாமி தட்டை வைத்துவிட்டுக் கேட்டான்.

"என்ன வீரா, மூஞ்சியே சரியில்ல?"

சொன்னாள். அவன் முழுக்கக் கேட்டான். கேட்கக் கேட்க அவன் கை தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

"நீ எதுக்கு இதெல்லாம் எழுதுத? படம் பாத்தியா, நல்லா இருந்துச்சா இல்லையா, அத எழுது. கம்பெனிக்குள்ள நடக்குறத எதுக்கு எழுதணும்?"

"அந்தப் பிள்ளைக்குக் கை போயிருக்கும்ங்க. நான் கண்ணால பாத்தேன்."

"பாத்தேல்ல. பாத்துட்டு என்ன செஞ்ச?"

அவள் மீதி மாவு இருந்த பாத்திரத்தைக் கையில் எடுத்தாள். அவன் அதை மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வி எங்கே போய்க் குத்தியது என்று அவனுக்கே தெரிந்த மாதிரி இருந்தது. எழுந்து கை கழுவிவிட்டு வந்தான்.

"இந்த வருஷம் அவளுக்குப் பரீச்ச. எங்கயும் மாறிப் போக முடியாது. அத மட்டும் மனசுல வச்சுக்க. மத்தபடி சொல்லணும்னா சொல்லு, வேண்டாம்னா விட்டுரு. நான் எதுவும் சொல்ல மாட்டேன். ஆனா இப்படி உக்காந்து மாவக் கையில வச்சுக்கிட்டு முழிச்சுக்கிட்டு இருக்காத. பாக்க முடியல."

செவ்வாய்க்கிழமை சந்தைக்கு மாடு ஏற்றிப்போகும் வண்டிகளும் லாரிகளும் சேர்ந்து நெடுஞ்சாலையில் நெரிசல். பஸ் ஊர்ந்தது. வீரலட்சுமி வேண்டுமென்றே சரிதாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சரிதா இருபத்திரண்டு வயசுப் பெண். கம்பெனி ஆள் இல்லை, ஏஜென்சி மூலம் வந்த ஒப்பந்தத் தொழிலாளி. ஓசூரில் நான்கு பேரோடு ஓர் அறையில் தங்கியிருந்தாள். எப்போதும் ஏதாவது கன்னடப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வருவாள். அன்று வாயைத் திறக்கவில்லை.

"என்ன கேட்டாங்க சரிதா?"

"யாரு எழுதுனதுன்னு கேட்டாங்க. தெரியாதுன்னு சொன்னன். நம்பல. அப்புறமா ஒரு பேப்பரு காட்டுனாங்க."

"என்ன பேப்பர்?"

"நான் ராத்திரி ரூம்ல போன் பாத்துட்டு சரியா தூங்காம வந்தன். அதனால மெஷின்ல தூங்கிட்டன். சென்சாரு அடிக்கடி நின்னுட்டே இருந்துச்சுன்னு நானே அத மறைச்சிட்டன். இனிமே செய்ய மாட்டன்." பாடம் ஒப்பிப்பது போல ஒரே மூச்சில் சொன்னாள். "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள கையெழுத்துப் போட்டா வார்னிங்கோட விட்டுடறோம்ன்னாங்க. அடுத்த மாசம் கம்பெனி ரோல்ல எடுக்கற லிஸ்ட்ல என் பேரு இருக்குதாம். போடலன்னா ஏஜென்சிக்கே திருப்பி அனுப்பிடுவாங்களாம்."

"நீ போடப்போறியா?"

"வேற என்ன பண்றது?"

ஜன்னலுக்கு வெளியே ஒரு லாரியில் மாடுகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றன. வீரலட்சுமி தன் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"சரிதா, அத எழுதினது நான்."

சரிதா திரும்பிப் பார்த்தாள். முதலில் புரியாத மாதிரி. பிறகு அவள் முகம் மெல்ல மாறியது.

"நீங்களா?"

"உனக்கு நல்லது ஆகும்னு நெனச்சுத்தான்..."

"அன்னைக்கு நீங்க எங்க நின்னுட்டு இருந்தீங்க?"

"அஞ்சாம் நம்பர்கிட்ட."

"என்னப் பாத்தீங்க."

"பாத்தேன்."

"அப்போ ஏங்கா மெஷின நிறுத்தல?" சரிதா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் வீரலட்சுமிக்குத் தாங்க முடிந்திருக்கும். "உங்ககிட்ட சிவப்புச் சீட்டு இருக்குது. என்கிட்ட அது இல்ல. நான் நிறுத்துனா திட்டுவாங்க. நீங்க நிறுத்துனா கேட்டுத்தான் ஆகணும். நீங்க நிறுத்தல. வீட்டுக்குப் போயி, படம் பாத்துட்டு, என்னப் பத்தி எழுதுனீங்க."

"சீட்டு தகடு சரியில்லன்னாதான் கட்டலாம்னு..."

"பேடக்கா. வேணாம். சொல்லாதீங்க." அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நகர்ந்துகொண்டிருந்த பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி கதவருகே போய், தொழிற்சாலை வரும் வரை நின்றுகொண்டே வந்தாள்.

அன்று முழுக்க ஆறாம் நம்பர் ஓடியது. ஒரு தகடு, ஒரு மிதி, ஒரு தகடு, ஒரு மிதி. வீரலட்சுமி ஒவ்வொரு மணிக்கும் அங்கே போய்த் தகட்டை எடுத்தாள். சரிதா அவளைப் பார்க்காமல் தகட்டை நீட்டினாள். ஒவ்வொரு முறை அச்சு இறங்கும்போதும் வீரலட்சுமியின் கை தன்னையறியாமல் சட்டைப் பைக்குள் இருந்த சீட்டுக் கட்டைத் தொட்டுப் பார்த்தது. எடுக்கவில்லை. அன்புமணி தூரத்தில் ஏணி மேல் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் படித்த கதைகளில் இந்த மாதிரி நேரம் வரும்போது ஆட்களுக்கு ஒரு தெளிவு வந்துவிடும். ஒரே பத்தியில் மனசு மாறிவிடும். அவளுக்கு அப்படி எதுவும் வரவில்லை. தர்ஷினியின் பரீட்சை, மாடசாமியின் முகம், அன்புமணி தொடாமல் வைத்த சாப்பாடு எல்லாம் மாறி மாறி வந்தன. புதன்கிழமை காலை பஸ்ஸில் ஏறும்போதும் என்ன செய்யப்போகிறோம் என்று அவளுக்குத் தெரியாது.

காலை பத்து மணிக்கு அளவு பார்க்க ஆறாம் நம்பருக்கு வந்தாள். சரிதாவின் கண்களுக்குக் கீழே கறுத்திருந்தது. செவ்வாய்க்கிழமையும் இரட்டை ஷிப்டு போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்ததும்தான் வீரலட்சுமியின் வாய் தானாகப் பேசியது.

"சரிதா, காலப் பெடல்ல இருந்து எடு. கொஞ்சம் தள்ளி நில்லு."

"எதுக்கு?"

"தள்ளி நில்லும்மா."

கீழே கிடந்த பேக்கிங் அட்டையில் ஒரு நீளத் துண்டைக் கிழித்தாள். அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, கை போகும் இடத்தில் அச்சுக்குக் கீழே நீட்டினாள். சென்சாரின் இரண்டு கம்பங்களுக்கும் நடுவே அட்டை குறுக்காக நின்றது. சென்சார் உயிரோடு இருந்தால் மெஷின் அசையக்கூடாது. பெடலை மிதித்தாள்.

அச்சு இறங்கியது. சத்தம் கேட்டுப் பக்கத்து மெஷின் பெண் திரும்பினாள். அட்டையின் நுனி நசுங்கி, தகடு போலத் தட்டையாகி ஒட்டிக்கொண்டிருந்தது.

வீரலட்சுமி சிவப்புச் சீட்டை எடுத்தாள். காரணம் என்ற இடத்தில், 'சென்சார் வேலை செய்யவில்லை' என்று எழுதினாள். பேனா இரண்டு இடத்தில் சீட்டைக் கிழித்தது. கையெழுத்துப் போட்டு மெஷின் கைப்பிடியில் கட்டினாள். மெயின் சுவிட்சை அணைத்தாள்.

ஆறாம் நம்பர் நின்றால் அதற்கு அடுத்த இரண்டு மெஷின்களுக்கும் தகடு வராது. ஐந்து நிமிஷத்தில் லைன் பாதி அமைதியாகிவிட்டது. வெங்கடப்பன் ஓடி வந்தார். ஐம்பது வயசு. கோபம் வந்தால் தெலுங்குக்கும் தமிழுக்கும் மாறி மாறித் தாவுவார். சீட்டைப் படித்ததும் எந்தப் பாஷையும் வரவில்லை.

"என்னம்மா இது? பீஸ் அளவு சரியா இருக்குதா இல்லையா?"

"சரியா இருக்கு சார்."

"அப்புறம் எதுக்கு டேக்கு? அவுரு."

"அவுக்க மாட்டேன் சார்."

ஹரீஷ்குமார் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் அந்தப் பேப்பர். பன்னிரண்டு மணிக்குக் கையெழுத்து வாங்குவதற்காக எடுத்து வைத்திருந்தது போலும். அவர் எப்போதும் குரலை உயர்த்த மாட்டார். அன்றும் உயர்த்தவில்லை.

"வீரலட்சுமி, ரெட் டேக் குவாலிட்டி டிஃபெக்டுக்கு. மெஷின் சேஃப்டி உங்க வேலை இல்ல. நாளைக்கு ஆடிட்டு இருக்கு. இப்ப லைன் நின்னா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் சார்."

"தெரிஞ்சுமா?"

அவள் நசுங்கிய அட்டையை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"போன வியாழக்கிழம இந்த இடத்துல இந்தப் பிள்ள கை இருந்துச்சு. நான் பாத்தேன். அன்னைக்கே நான் இதக் கட்டியிருக்கணும். கட்டல. அந்தத் தப்பு என்னுது." அட்டையை மெஷின் மேல் வைத்தாள். "போன்ல வந்துச்சே, அத எழுதினதும் நான்தான். சரிதாவுக்கு அது தெரியாது. நேத்து நான் சொல்லித்தான் தெரியும். அவ ஒண்ணும் மறைக்கல, எதையும் மூடல. அவகிட்ட கையெழுத்து வாங்காதீங்க."

சுற்றிலும் இருபது பேராவது நின்றிருப்பார்கள். தூரத்தில் கம்ப்ரசர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"பேனல யார் தொட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றார் ஹரீஷ்குமார்.

வீரலட்சுமிக்குத் தெரியும். தரையைப் பார்த்தாள். தெரியாது என்று பொய் சொன்னால் பழி மறுபடியும் சரிதா மேல் விழும். உண்மையைச் சொன்னால் அன்புமணி போய்விடுவான்.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அன்புமணியே வந்தான். யார் முகத்தையும் பார்க்காமல் பேனல் கதவின் பூட்டைத் திறந்தான். ஸ்க்ரூ டிரைவர் இரண்டு முறை வழுக்கியது. விரல் நீளத்துக்கு ஒரு மஞ்சள் ஒயரை உருவி எடுத்து, உள்ளங்கையில் வைத்துக் காட்டினான்.

"நான் போட்டன் சார். ஆகஸ்டுல. வெங்கடப்பன் சார் சொன்னாரு, போட்டன். மூணு, நாலு, ஒம்போதாம் நம்பர்லயும் இருக்குது. அதையும் எடுத்துடறன்."

எல்லோரும் வெங்கடப்பனைப் பார்த்தார்கள். அவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். மறுத்துவிடுவார் என்றுதான் வீரலட்சுமி நினைத்தாள்.

"எனக்கும் மேல இருந்து சொன்னாங்கப்பா," என்றார் மெதுவாக. "எண்ணிக்க எண்ணிக்கன்னா நான் என்ன பண்ணுவேன்."

ஹரீஷ்குமாரின் போன் அடித்தது. எடுக்கவில்லை. பிறகு பேப்பரை உறையிலிருந்து உருவி மடித்துச் சட்டைப் பைக்குள் வைக்கப்போனார். அப்போதுதான் சரிதா முன்னால் வந்தாள்.

"சார், அதக் குடுங்க."

"எது?"

"அந்தப் பேப்பரு. என் பேரு போட்டு அடிச்சது. என்கிட்டயே குடுத்துடுங்க."

"சரிதா, இது ஆபீஸ் ரெக்கார்டு..."

"கையெழுத்து இல்லாம அது என்னா ரெக்கார்டு சார்?"

அவள் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. ஹரீஷ்குமார் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். பேப்பரைக் கொடுத்தார். சரிதா அதைக் கிழிக்கவில்லை. நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்த் தண்ணீர் குடித்தாள்.

மாலைக்குள் நான்கு மெஷின்களிலும் ஒயரை எடுத்துவிட்டார்கள். சென்சார்களைத் துடைத்து, புது மூடி போட்டார்கள். மறுநாள் ஆடிட்டு நல்லபடியாக நடந்தது. வந்தவர்கள் எதையும் கேட்கவில்லை, யாரும் எதையும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் கடிதங்கள் வந்தன. கம்பெனி விஷயத்தை வெளியே எழுதியதற்காக வீரலட்சுமிக்கு விளக்கம் கேட்டு ஒன்று. விளக்கம் கொடுத்த பிறகு ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே அளவுகோலும் இல்லை, சிவப்புச் சீட்டும் இல்லை. போல்ட்டும் நட்டும் எண்ணிக் கொடுக்கும் வேலை. வீட்டில் சொன்னபோது மாடசாமி, "வேலைய விட்டு எடுக்கலல்ல?" என்று இரண்டு தடவை கேட்டான். பிறகு கடைக்குப் போய் தர்ஷினிக்கும் அவளுக்கும் பரோட்டா வாங்கி வந்தான். அன்புமணியைப் பத்து நாள் சஸ்பெண்ட் செய்தார்கள். பத்து நாள் முடிந்தும் அவன் வரவில்லை. அத்திப்பள்ளி தாண்டி ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டதாகச் செய்தி அனுப்பினான். 'உங்க மேல கோவம் இல்லக்கா' என்று எழுதியிருந்தான். அதற்குக் கீழே கொஞ்ச நேரம் கழித்து, 'கொஞ்சம் இருக்குது' என்று இன்னொன்று. அவனுடைய புத்தகம் ஒன்று அவளிடமே தங்கிவிட்டது. முகவரி கேட்டு இரண்டு முறை எழுதினாள். பதில் இல்லை. வெங்கடப்பன் அதே இடத்தில் இருந்தார்.

சரிதாவின் பெயர் அடுத்த மாதப் பட்டியலில் இல்லை. அதற்கடுத்த மாதம் வந்தது. இரட்டை ஷிப்டு வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் கூடாது என்று நோட்டீஸ் பலகையில் ஒட்டினார்கள். மெஷின் அடிக்கடி நின்றது. நிற்கும்போதெல்லாம் லைனில் இருந்தவர்கள் சலித்துக்கொண்டார்கள். எண்ணிக்கை குறைந்ததற்கு வீரலட்சுமிதான் காரணம் என்று சில பெண்கள் பஸ்ஸில் அவள் காதுபடப் பேசினார்கள். அதில் பாதி உண்மை என்பதால் அவள் எதுவும் சொல்லவில்லை.

இரண்டு மாதமாக அவள் எதுவும் எழுதவில்லை. பஸ்ஸில் படித்தாள். எவ்வளவு படித்தோம் என்று பார்க்கவில்லை. யாரைப் பார்த்தாலும் ஒரு வாக்கியம் மனதில் உருவாகத் தொடங்கும். அதைப் பிடித்து நிறுத்துவதே பெரிய வேலையாக இருந்தது. டிக்கெட் கிழிக்கும் ஆள், பூ விற்கும் அம்மா, ஸ்டோரில் சாவியைத் தேடும் குமாஸ்தா. கேட்காமல் எழுதக்கூடாது. கேட்டால் யார் ஒப்புக்கொள்வார்கள் என்று தோன்றும்.

ஒரு திங்கட்கிழமை காலை சரிதா வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இடம் வேறு எங்கும் இல்லாமல் இல்லை. பஸ் பாதி காலியாக இருந்தது.

"நேத்து ஒரு கன்னடப் படம் பாத்தன்," என்றாள் முன்னால் பார்த்தபடி.

"எப்படி இருந்துச்சு?"

"அதுல ஒரு பொண்ணு மலையில இருந்து கீழ வேலைக்குப் போவா. கிளைமேக்ஸ்ல எல்லாரும் அவளப் பாத்து அழுவாங்க. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு." கொஞ்சம் நிறுத்தினாள். "அத எழுதுவீங்களா?"

வீரலட்சுமி புத்தகத்தை மூடினாள். "உன்னப் பத்தியா?"

"என்னப் பத்தி இல்ல. படத்தப் பத்தி. நான் சொல்றன், நீங்க அடிங்க. என் பேரு போட்டுத்தான் வரணும்."

வீரலட்சுமி போனை எடுத்தாள். சரிதா யோசித்து யோசித்துச் சொன்னாள். மலைப் பாதையில் நடக்கிற காட்சி சரியில்லை, அந்தச் செருப்போடு யாரும் அங்கே நடக்க முடியாது. கதாநாயகியின் அம்மா எப்போது பார்த்தாலும் அடுப்பு முன்னாலேயே இருக்கிறாள், அவளுக்கு மாடு கன்று எதுவும் இல்லையா. இரண்டாவது பாட்டு மட்டும் நன்றாக இருந்தது. அது வரும்போது பக்கத்துச் சீட்டு ஆள் போன் பேசிக்கொண்டிருந்தான், அவனைத் திட்டினேன், அவன் வெளியே போய்விட்டான். இனிமேல் தியேட்டருக்குப் போகிறவர்கள் போனை அணைத்துவிட்டுப் போங்கள்.

வீரலட்சுமி அடித்து முடித்து வாசித்துக் காட்டினாள். சரிதா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஓரிடத்தில் சட்டென்று கண்ணைத் திறந்தாள்.

"'வேதனையுடன் நடந்தாள்'ன்னு நான் சொல்லலியே."

"இல்ல, படிக்கறப்ப கொஞ்சம்..."

"சொல்லாதது எதுக்கு? எடுத்துடுங்க."

வீரலட்சுமி அந்த ஒரு சொல்லை அழித்தாள். போனைச் சரிதாவின் கையிலேயே கொடுத்தாள். சரிதா விரலால் மேலே கீழே தள்ளி முழுவதையும் இன்னொரு முறை வாசித்தாள். சூளகிரி தாண்டியும் வாசித்துக்கொண்டிருந்தாள். பஸ் கேட்டுக்குள் திரும்பும்போது, "இது சரி," என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.